வாடகை மட்டும் கேளுங்கள்: கம்பம் பள்ளத்தாக்கில் ஆபீஸ் பிடிக்க எட்டு எளிய வழிகள்

கம்பத்திலோ கூடலூரிலோ ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "பெரியாறு குத்தகை" என்று சும்மா ஆரம்பித்துப் பாருங்கள். 1886 அக்டோபர் 29-ல் பெரியாறு அணைக்காகத் திருவிதாங்கூரும் வெள்ளைக்கார சர்க்காரும் எழுதிக்கொண்டது, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் ஐந்து ரூபாய், 999 வருஷம், அது முடிந்தால் இன்னொரு 999 வருஷம் என்று டீ ஆறுவதற்குள் ஷரத்து ஷரத்தாக ஒப்பித்துவிடுவார்கள். எந்த ஷரத்தில் யார் ஏமாந்தார்கள் என்பதில் மட்டும் பெஞ்சு இரண்டு கட்சியாகப் பிரியும்.

அப்படியே பேச்சைத் திருப்பி, "அண்ணே, உங்க கடை அக்ரிமெண்ட்ல நோட்டீஸ் எத்தனை மாசம்?" என்று கேளுங்கள். "அது வீட்ல பீரோவுல கெடக்கு தம்பி" என்பார்.

ஆயிரம் வருஷக் குத்தகையை மனப்பாடம் செய்திருக்கும் பள்ளத்தாக்கு, பதினோரு மாதக் குத்தகையைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறது. இந்த மரபு அழிந்துவிடக் கூடாது என்ற கவலையில் பிறந்ததே இந்த வழிகாட்டி. தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று எந்த ஊரில் அலுவலகம் திறந்தாலும் பொருந்தும். ஆடிட்டர், ஏலக்காய் வியாபாரி, நீட் கோச்சிங் நடத்துபவர், சொட்டுநீர்க் குழாய் டீலர் எல்லோரும் வரிசையில் வரலாம்.

1. வாடகை எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்

ஓனரைப் பார்க்கப் போகும்போது ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். வாடகை எவ்வளவு? பதில் வந்ததும் ஆயிரம் ரூபாய் குறைத்துக் கேளுங்கள். அவர் ஐநூறு குறைப்பார். ஜெயித்த சந்தோஷத்தில் வேறு எதுவும் கேட்கத் தோன்றாது. கேட்டாலும் பேச்சு இப்படித்தான் போகும்:

"தண்ணிக்குத் தனியாங்கண்ணே?"

"தண்ணிக்கெல்லாம் காசு வாங்குவமா தம்பி! மோட்டாருக்கு மட்டும் மாசம் முந்நூறு."

"கரண்டு?"

"கரண்டு நீங்க ஓட்டுறதுதான். சப் மீட்டர் இருக்கு. யூனிட்டுக்கு நாங்க ஒரு ரேட் வச்சிருக்கோம்."

"மெயிண்டனன்ஸ்?"

"அதெல்லாம் இங்க கெடையாது. கூட்டுற அம்மாவுக்கு, படிக்கட்டு லைட்டுக்கு, ஜெனரேட்டர் டீசலுக்குன்னு எல்லாரும் ஆளுக்கு ஆயிரம் போட்டுக்கிருவாங்க. அம்புட்டுத்தான்."

மெயிண்டனன்ஸ் கிடையாது என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அந்தப் பெயரில் எதுவும் கிடையாது. சொத்து வரி, குப்பை வரி யார் கட்டுவது என்ற பேச்சே எழவில்லை என்பதைக் கவனியுங்கள். நகராட்சிக்காரர்கள் அரையாண்டுக்கு ஒருமுறை வரும்போது அது தானாக எழும். அதுவரை பேசி நட்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. சதுர அடியை வாய்வார்த்தையில் அளந்துகொள்ளுங்கள்

"ஐநூறு சதுர அடி" என்றால் ஐநூறு. டேப்பை எடுத்து அளப்பது மரியாதைக் குறைவு. அளந்தால் என்ன தெரியும்? சுவரின் வெளிப்பக்கத்திலிருந்து அளந்திருக்கிறார்கள், மாடிப்படியில் உங்கள் பங்கு சேர்ந்திருக்கிறது, வராண்டா சேர்ந்திருக்கிறது, நான்கு ஆபீசுக்குப் பொதுவான கழிப்பறையும் சேர்ந்திருக்கிறது என்று தெரியும். உள்சுவருக்கு உள்சுவர் பிடித்தால் நானூறுகூடத் தேறாது. அதிலும் ஒரு மூலையில் கான்கிரீட் தூண் நிற்கும். அந்தத் தூணுக்கும் மாதாமாதம் வாடகை கட்டுகிறோமே என்ற வருத்தம் எதற்கு?

நம் பெரியாறு குத்தகையே இதற்கு முன்னுதாரணம். 155 அடி மட்டக் கோட்டுக்குள் அடங்கும் 8,000 ஏக்கருக்கு வாடகை பேசி, 152 அடித் தண்ணீர் நிறுத்த அணை கட்டினார்கள். 1979-ல் பாதுகாப்பைக் காரணம் காட்டி மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். 142 வரை நிறுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் சொன்னது. 2014-ல் அரசியல் சாசன அமர்வும் அதையே சொன்னது. தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் வாடகைக் கணக்கில் ஏக்கர் குறையவில்லை. எழுதியிருக்கும் அளவுக்கு வாடகை, கிடைக்கும் அளவுக்குப் புழக்கம். ஒரு மாநில அரசுக்கே இதுதான் நிலைமை என்றால், மூணாவது மாடி ஆபீசுக்கு என்ன தனிச் சலுகை?

3. அட்வான்ஸைக் கேட்ட வாக்கில் கொடுங்கள்

தமிழ்நாட்டில் நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகளுக்கென்று 2017-ல் ஒரு சட்டம் வந்து, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகர்ப்புறக் கடை, ஆபீஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. கூடவே, வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டாலொழிய என்றும் எழுதியிருக்கிறது. உங்கள் அக்ரிமெண்ட்டில் பத்து மாதம் என்று இருக்கும். அதுதான் அந்த வேறு மாதிரி ஒப்பந்தம். கையெழுத்து உங்களுடையது.

அட்வான்ஸுக்கு வட்டி கேட்காதீர்கள். ஒன்றரை லட்சம் ஓனரிடம் சும்மா இருந்தால், ஒன்பது சதவீதக் கணக்கில் வருஷத்துக்கு 13,500 ரூபாய் உங்கள் கையை விட்டுப் போகிறது. மாதம் 1,125. ஆனால் இதற்கு ரசீது கிடையாது என்பதால் இது செலவே இல்லை.

முந்தைய கடைக்காரர் இடத்தை விட்டுத்தர "பகடி" என்று தனிப் பணம் கேட்டால் அதையும் கொடுத்துவிடுங்கள். தேனி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கமோ கம்பம் மெயின் ரோட்டிலோ இடம் என்றால் கேட்கத்தான் செய்வார். இந்தப் பணம் எந்தக் காகிதத்திலும் ஏறாது. ஆகவே திரும்ப வராதே என்ற பயமும் வேண்டாம். அது நிச்சயம்.

4. பதினோரு மாதமே பாதுகாப்பு என்று நம்புங்கள்

ஏன் பதினோரு மாதம் என்று கேட்டால், "அதுதான் வழக்கம்" என்பார்கள். வழக்கத்துக்கு வேர் 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிந்தால் முத்திரைத் தீர்வை. முப்பது வருஷத்துக்கு உட்பட்ட குத்தகைக்கு, மொத்த வாடகையும் அட்வான்ஸும் சேர்த்து ஒரு சதவீதம். அந்த ஒரு சதவீதத்தை மிச்சம் பிடிக்க, ஒவ்வொரு பதினோரு மாதத்துக்கும் ஐந்து சதவீத உயர்வுக்குக் கையெழுத்துப் போடுவதுதான் நம் சிக்கனம்.

2017 சட்டப்படி எந்த வாடகையானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும் என்பதை யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். அவ்வளவு பெரியவரை நம் சின்ன ஆபீசுக்காகத் தொந்தரவு செய்யலாமா? நாளைக்கு ஓனர் சண்டை பிடித்துத் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தும்போது, அப்படி நிறுத்தக் கூடாது என்று அதே சட்டத்தில் இருப்பதைப் படித்துக்கொள்ளலாம்.

உயர்வு ஷரத்தின் அருமை தெரிய வேண்டுமா? திருவிதாங்கூர் தரப்பில் அதை எழுத மறந்தார்கள். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய் ஆக வருஷம் 40,000 ரூபாய். 1970-ல் துணை ஒப்பந்தம் போட்டு ஏக்கருக்கு முப்பது ரூபாயாக ஏற்றும்வரை அதே ஐந்து ரூபாய்தான். 84 வருஷம் கழித்து ஆறு மடங்கு. அந்தக் குத்தகையைத் தேனியில் ஒரு காம்ப்ளக்ஸ் ஓனர் எழுதியிருந்தால்? வருஷத்துக்கு ஐந்து சதவீதம் என்று ஒரு வரி போட்டிருப்பார். 1970-ல் அந்த 40,000 சுமார் 24 லட்சமாக நின்றிருக்கும். நிஜத்தில் ஏறிய தொகை 2,40,000. ஐந்து சதவீதம்தானே என்று அடுத்த முறை தலையாட்டும்போது இந்தப் பத்து மடங்கு நினைவுக்கு வந்தால், ஒரு டீ குடித்து மறந்துவிடுங்கள்.

5. எதற்காக இடம் என்பதை எழுத விடாதீர்கள்

"ஆபீஸ் யூஸுக்கு" என்று மொட்டையாக இருந்தால் போதும். நாளைக்கு அதே இடத்தில் ஏலக்காய் மூட்டை அடுக்கலாம், மறுநாள் டியூஷன் வைக்கலாம், ஓனர் என்ன சொல்லப் போகிறார் என்று தோன்றும். என்ன சொல்வார் என்பது 1941-லேயே தெரிந்துவிட்டது.

பெரியாற்றுத் தண்ணீரை மதராஸ் அரசு பாசனத்துக்காக வாங்கியது. 1895-ல் அணை முடிந்து, மலையைக் குடைந்த வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கியது. அவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாமே என்று பிற்பாடு யோசனை வந்தது. அதற்குக் குத்தகையில் இடமில்லை என்றது திருவிதாங்கூர். இரண்டு பக்க நடுவர்களும் ஒத்துப்போகாமல், நளினி ரஞ்சன் சாட்டர்ஜி என்ற மேல்நடுவரிடம் வழக்கு போனது. 1941 மே மாதம் அவர் சொன்ன தீர்ப்பு திருவிதாங்கூர் பக்கம் சாய்ந்தது. தண்ணீர் பாசனத்துக்கு மட்டும். வயலில் பாயப் போகிற அதே தண்ணீர், போகிற வழியில் ஒரு டர்பைனைச் சுற்றிவிட்டுப் போனால் அது வேறு பயன்பாடு.

அப்புறம் இரு தரப்பும் பேசினார்கள். லோயர் கேம்ப்பில் மின்நிலையம் 1958-ல் ஓடத் தொடங்கியது. கையெழுத்து 1970-ல் ஆனது. மின்சாரத்துக்கென்று கேரளாவுக்குத் தனிக் கட்டணம், ஏக்கருக்கு முப்பது ரூபாய், மீன்பிடி உரிமையைத் திருப்பித் தருவது என்று பல வகையில் விலை வந்தது. அத்தனையும் 1886 பத்திரத்தில் "மின் உற்பத்தி" என்று ஒரு சொல் இல்லாததற்கு.

உங்கள் ஆபீசில் இது மின்வாரிய மீட்டர் வடிவில் வரும். பல மாடிகள் வீடாகக் கட்டி, வீட்டு இணைப்பு வாங்கி, பின்னால் ஆபீசுக்கு விடப்பட்டவை. வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். வணிக இணைப்பில் யூனிட் விலையும் அதிகம், கிலோவாட் கணக்கில் நிலைக் கட்டணமும் உண்டு. "அப்படியே ஓடட்டும் தம்பி, யார் பார்க்கப் போறா" என்பார் ஓனர். பார்க்கிறவர்கள் ஒருநாள் வருவார்கள். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் வேறு பயன்பாட்டுக்குக் கரண்டை எடுத்தால் உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு. எந்த நாளிலிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பின்னோக்கிப் பன்னிரண்டு மாதத்துக்கு. இணைப்பு ஓனர் பேரில் இருப்பதால் நோட்டீஸ் அவருக்கு வரும். பணம் உங்கள் அட்வான்ஸிலிருந்து போகும். அதுதான் ஓனர்-குடித்தனக்காரர் உறவின் சமநிலை.

6. வாசலையும் மொட்டை மாடியையும் பேசாமல் விடுங்கள்

அறைக்குள் இருப்பது உங்களுடையது. அறைக்கு வெளியே? பெரியாறு ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை 1886 பத்திரத்தில் தெளிவாக இருந்ததால்தான் 1970-ல் அதைக் கொடுத்து வேறொன்றைப் பேச முடிந்தது. எழுதி வைக்காதவனிடம் திருப்பித் தரக்கூட ஒன்றும் இருக்காது.

கார்த்திகை பிறந்தால் இது புரியும். சபரிமலைக்குப் போகிற வண்டியெல்லாம் தேனி, கம்பம் வழியாகக் குமுளி ஏறும். தை வரைக்கும் ரோட்டோரத்தில் ஒரு அடி இடம் காலியாக இருக்காது. உங்கள் ஆபீஸ் வாசலில் ஒருநாள் காலை சிப்ஸ் கடாய் ஒன்று கொதித்துக்கொண்டிருக்கும். கேட்டால், "சீசனுக்கு மட்டும் ஓனர் விட்டிருக்காரு சார்" என்பார் கடைக்காரர். உள்ளே வருமான வரிக் கணக்குப் பார்க்க வந்தவர் கையில் நேந்திரங்காய் சிப்ஸோடு உட்கார்ந்திருப்பார். வாசலுக்கு வாடகை இரண்டு பேரிடமும் வசூலாகும். பார்க்கிங்கும் இதே கதை.

ஆனியிலும் ஆடியிலும் வேறு பாடம். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று, மொட்டை மாடியில் நிற்கும் உங்கள் பத்தடி ஃப்ளெக்ஸ் போர்டை மட்டும் விட்டுவைக்குமா? போர்டு மாட்ட யாரிடம் அனுமதி, நகராட்சிக்கு யார் கட்டணம், பறந்துபோய்ப் பக்கத்துக் கடை கண்ணாடியை உடைத்தால் யார் பொறுப்பு என்று அக்ரிமெண்ட்டில் ஒரு வரியும் இருக்க வேண்டாம். காற்று தீர்ப்புச் சொல்லும்.

7. ஜிஎஸ்டியை ஆடிட்டர் சொல்லும்வரை மறந்திருங்கள்

வணிக இடத்தின் வாடகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஓனருக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் பில்லில் போட்டு உங்களிடம் வாங்குவார். பதிவில்லாத ஓனர் என்றால் தப்பித்தோம் என்று நினைப்பீர்கள். 2024 அக்டோபர் 10 முதல், உங்களிடம் பதிவு இருந்து அவரிடம் இல்லாவிட்டால், அந்த 18 சதவீதத்தை நீங்களே நேராக அரசுக்குக் கட்ட வேண்டும். காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்குப் பின்னர் விலக்குக் கொடுத்தார்கள். கட்டியதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். நீங்கள் விற்பது வரிவிலக்குப் பெற்ற சரக்கோ சேவையோ என்றால் எடுக்க முடியாது, அது கைச்செலவு. "பில் வேணாம்ணே, கையில குடுத்துர்றேன்" என்று ஓனரிடம் நீங்களே சலுகை காட்டினால், வாடகையைச் செலவுக் கணக்கில் காட்டவும் வழியில்லாமல் போகும்.

8. உள்வேலையைத் தாராளமாகச் செய்து, காலி செய்யும் நாளை நினைக்காதீர்கள்

சாவி கையில் வந்த அன்றே கார்பெண்டரைக் கூப்பிடுங்கள். பார்ட்டிஷன், ஃபால்ஸ் சீலிங், வயரிங், ஏசி பாயிண்ட் என்று ஒரு லட்சத்து இருபதாயிரத்தை இறக்குங்கள். எத்தனை மாதம் இருப்போம் என்று உறுதியில்லாத இடத்தில் இவ்வளவு போடலாமா என்ற கேள்வியை வீட்டம்மா கேட்பார். வீட்டம்மாவை ஆபீஸ் பார்க்கக் கூட்டிப் போகாதீர்கள்.

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால், நீங்கள் பொருத்தியதைக் கழற்றிக்கொண்டு போகலாம், இடத்தை வாங்கியபடி விட வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் வேறு மாதிரிதான் இருக்கும். ஃபால்ஸ் சீலிங் ஓனருக்கு, ஆணி அடித்த ஓட்டை உங்களுக்கு. உள்ளே வந்த அன்று எடுக்காத போட்டோக்களை இப்போது தேடுங்கள். பெயிண்ட், பிளம்பிங், உடைந்த டைல்ஸ் என்று கழித்துக்கொண்டு மீதி வரும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்பது சட்டம். "அடுத்த ஆள் வரட்டும் தம்பி, அவர்ட்ட வாங்கி ஒங்களுக்குத் தர்றேன்" என்பது நடைமுறை.

கணக்குப் போட்டே தீருவேன் என்பவர்களுக்கு

இப்படிச் சிலர் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்காக ஒரு மாதிரிக் கணக்கு. பேசிய வாடகை 15,000. அட்வான்ஸில் போன வட்டி 1,125. புரோக்கருக்குக் கொடுத்த ஒரு மாத வாடகையைப் பதினோரு மாதத்துக்குப் பிரித்தால் 1,364. மெயிண்டனன்ஸ் இல்லாத மெயிண்டனன்ஸ் 1,000. மோட்டார் 300. ஜிஎஸ்டி 2,700, திரும்ப எடுக்க முடிந்தால் அடித்துவிடலாம். உள்வேலை ஒரு லட்சத்து இருபதாயிரம், மூன்று அக்ரிமெண்ட் காலமான 33 மாதத்துக்கு வகுத்தால் 3,636. கூட்டினால் 25,125 ரூபாய். இதில் சப் மீட்டர் கரண்டும் சொத்து வரியும் இன்னும் சேரவில்லை. ஐநூறு ரூபாய் குறைத்துப் பேசிய அன்று வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனதைக் கணக்கில் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

இதற்குப் பிறகும் மரபை மீறத் துணிபவர்கள், டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் ஒரு வெள்ளைத்தாளில் ஆறு கேள்வி எழுதி ஓனர் முன்னால் வைக்கலாம். உள்சுவருக்கு உள்சுவர் எத்தனை சதுர அடி? மின் இணைப்பு எந்த வகை, யூனிட்டுக்கு என்ன விலை? வாடகையைத் தவிர மாதாமாதமும் அரையாண்டுக்கும் யார் யாருக்கு என்ன கட்டுவது? இடத்தில் என்னென்ன செய்யலாம், வாசல் யாருக்கு? எத்தனை வருஷம், எத்தனை சதவீதம், நோட்டீஸ் எவ்வளவு? போகும்போது எதைக் கழற்றலாம், அட்வான்ஸ் எத்தனை நாளில்? பதிலை அக்ரிமெண்ட்டில் ஏற்றி, பதிந்து, ஒரு நகலைப் பீரோவில் வைக்காமல் மேஜையில் வைக்க வேண்டும்.

ஓனர் கண்ணாடியைக் கழற்றி உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். "தம்பி வெவரமான ஆளா இருக்கீகளே" என்பார். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே இன்னொரு ஐநூறு குறைத்துக் கேளுங்கள்.